நேரில் சும்மா, மூலையில் உறுமல்: புரொஃபைல் மில்லிங்கில் வெட்டு டார்க்கைப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளில் மெஷின் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி "எத்தனை கிலோவாட்?" என்பதுதான். அடுத்தது டேபிள் சைஸ். கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டில் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு டார்க் (சுழற்றும் திருகு விசை) கொடுக்கும் என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். பிளேட்டின் மேல்பரப்பைச் சீவும் வேலைக்கு இந்த அலட்சியம் பெரிய கெடுதல் செய்யாது. புரொஃபைல் ஓட்டும்போது, அதாவது பீஸின் ஓரத்தையோ உள்சுவரையோ வடிவத்துக்கு ஏற்பச் சுற்றி வெட்டும்போதுதான் வினை: நேர்கோட்டில் கட்டர் சத்தமில்லாமல் போகும், உள்மூலையில் நுழைந்ததும் உறுமும். சுவரில் கோடு விழும். அதிர்ஷ்டம் இல்லாத நாளில் கார்பைடு எண்ட்மில் (பக்கத்திலும் முனையிலும் பல் உள்ள கட்டர்) இரண்டு துண்டாகும்.

புரொஃபைல் மில்லிங்கில் டார்க் ஒரே எண்ணாக நிற்பதில்லை. பாதை முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கணக்குப் போட வேண்டியது பாதையில் மிக மோசமான இடத்துக்கு. ஒப்பிட வேண்டியது மோட்டார் பிளேட்டில் உள்ள கிலோவாட்டோடு அல்ல, நீங்கள் ஓட்டும் ஆர்பிஎம்மில் ஸ்பிண்டில் தரும் டார்க்கோடு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான்.

டார்க் வேறு, பவர் வேறு

மீன்பாடி வண்டியில் பாரம் ஏற்றி மேம்பாலத்தில் மிதித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெடலில் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் டார்க். அதே அழுத்தத்தோடு எவ்வளவு வேகமாக மிதிக்கிறோம் என்பதும் சேர்ந்தால் பவர். மெதுவாகப் போனால் மூச்சு குறைவாக வாங்கும். ஆனால் பாரம் அதேதான், காலுக்கு வரும் அழுத்தமும் அதேதான்.

இரண்டையும் இணைக்கும் கணக்கு:

டார்க் (நியூட்டன் மீட்டர்) = 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம்

ஒரே 3 கிலோவாட் 3000 ஆர்பிஎம்மில் சுமார் 9.5 நியூட்டன் மீட்டர். 300 ஆர்பிஎம்மில் 95. கிலோவாட்டை மட்டும் பார்த்தால் இந்தப் பத்து மடங்கு கண்ணுக்கே தெரியாது.

படி 1: கையில் இருக்க வேண்டிய எண்கள்

வெட்டின் ஆழம், அதாவது கட்டரின் அச்சுத் திசையில் எத்தனை மில்லிமீட்டர். பக்கவாட்டு அகலம், அதாவது சுவரிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் எடுக்கிறோம். ஒரு பல்லுக்கான ஃபீடு, அதாவது ஒவ்வொரு பல்லுக்கும் கட்டர் முன்னேறும் தூரம். பற்களின் எண்ணிக்கை. கடைசியாக, பொருளின் வெட்டு எதிர்ப்பு. கட்டர் கம்பெனிகளின் காட்டலாக்கில் இதைக் 'கேசி' என்று போட்டிருப்பார்கள்.

முதல் நான்கும் உங்கள் புரோகிராமிலேயே இருக்கின்றன. ஒரு பல்லுக்கான ஃபீடை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்: நிமிடத்துக்கான ஃபீடு ÷ (ஆர்பிஎம் × பற்கள்).

ஐந்தாவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். காட்டலாக்கில் அடிப்படையாகப் போட்டிருக்கும் கேசி, 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிப்புக்கானது (சிப்பு என்பது வெட்டி விழும் சீவல்). சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில் சொன்னால் அலுமினியக் கலவைக்கு 600, 700 வாக்கில், கிரே காஸ்ட் அயர்ன் 1000 சுற்று, எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) 1500, ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) சுமார் 1600, எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சுமார் 1900. எண்ட்மில்லில் 1 மில்லிமீட்டர் சிப்பு யாரும் எடுப்பதில்லை. சிப்பு மெலிய மெலிய, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரையும் வெட்ட ஆகும் விசை கூடுகிறது, ஏனென்றால் கட்டரின் முனை கத்தி மாதிரிக் கூராக இல்லை; சிறு வளைவு அதில் உண்டு. மெல்லிய சிப்பில் வெட்டுவதைவிடத் தேய்ப்பதும் அமுக்குவதும் அதிகம்.

இரும்பு வகைகளுக்குத் தோராயமாக இப்படிப் பெருக்கிக்கொள்ளலாம்: சராசரி சிப்பு 0.2 மில்லிமீட்டர் என்றால் அடிப்படை எண்ணை 1.5 ஆல், 0.1 என்றால் 1.8 ஆல், 0.05 என்றால் 2.1 ஆல், 0.03 என்றால் 2.4 ஆல். முனை மழுங்கிய கட்டர் என்றால் இதன் மேல் இன்னும் 30 சதவீதமாவது போடுங்கள்.

சராசரி சிப்புத் தடிமன் எப்படிக் கிடைக்கும்? பக்கவாட்டு அகலத்தைக் கட்டர் விட்டத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒரு பல் ஃபீடால் பெருக்கினால் போதும். அகலம் விட்டத்தில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்வரை இது நன்றாகவே ஒத்துப்போகும்.

படி 2: ஆர்பிஎம் இல்லாத சூத்திரம்

டார்க் = ஆழம் × அகலம் × ஒரு பல் ஃபீடு × பற்கள் × கேசி ÷ 6283

எல்லாம் மில்லிமீட்டரில் போட்டால் விடை நியூட்டன் மீட்டரில் வரும். 6283 என்பது 2π ஐ ஆயிரத்தால் பெருக்கிய எண்.

ஆர்பிஎம் இதில் எங்குமே இல்லை. மெஷின் திணறுகிறது என்று ஆபரேட்டர் முதலில் கை வைப்பதோ ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடில். ஆர்பிஎம்மை மட்டும் குறைத்து ஃபீடை அப்படியே விட்டால் ஒரு பல்லுக்கான ஃபீடு ஏறும், டார்க்கும் ஏறும். திணறலைத் தணிக்கச் செய்த காரியம் திணறலைக் கூட்டிவிடும். இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் பவர் குறையும், டார்க் நகராது.

படி 3: நேர் ஓட்டத்துக்குக் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்து ஓட்டுவோம். 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஈஎன்8 பிளேட். அதில் உள்பக்கப் புரொஃபைல் ஒன்று; நான்கு மூலைகளும் 10 ஆரம். 20 விட்டத்தில் நான்கு பல் கார்பைடு எண்ட்மில். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 120 மீட்டர் வைத்தால் 1910 ஆர்பிஎம். ஒரு பல்லுக்கு 0.08, ஆக ஃபீடு 611. ஆழம் முழு 20, சுவரில் 4 மில்லிமீட்டர் எடுக்கிறோம்.

சராசரி சிப்பு 0.035 மில்லிமீட்டர் பக்கம் வரும். 1600 ஐ 2.3 ஆல் பெருக்கினால் கேசி ஏறக்குறைய 3700. சூத்திரத்தில் போட்டால்:

20 × 4 × 0.08 × 4 × 3700 ÷ 6283 = சுமார் 15 நியூட்டன் மீட்டர்

பவர் 3 கிலோவாட். மோட்டார் 7.5 கிலோவாட் என்றால் பாதிகூட இல்லை. 'இன்னும் ஃபீடு ஏத்தலாம்' என்று தோன்றும்.

இந்த 15 என்பது சராசரி. 4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கட்டர் பொருளோடு ஒட்டியிருக்கும் கோணம் 53 டிகிரி. நான்கு பல்லுக்கு இடைவெளி 90 டிகிரி. பல் நேராக நின்றிருந்தால், ஒரு பல் வெட்டிவிட்டு வெளியேறி அடுத்தது நுழையும்வரை கட்டர் காற்றில் சுற்றும். வெட்டும் நொடியில் உச்ச டார்க் சராசரியைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டும். எண்ட்மில்லின் பல் சாய்வாகச் சுற்றி ஏறுவதால்தான் இந்தத் தட்டல் மட்டுப்படுகிறது. 30 டிகிரி சாய்வும் 20 ஆழமும் இருந்தால் உச்சம் சராசரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆழம் குறைந்தால் இந்தச் சலுகையும் குறையும். இன்சர்ட் (மாற்றிப் போடும் பல்) போட்ட கட்டர் குறைந்த ஆழத்தில் 'டக் டக்' என்று தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: மூலை

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது.

கட்டர் ஒரு சுவரை ஒட்டி வருகிறது. எதிரே குறுக்குச் சுவர், அதிலும் 4 மில்லிமீட்டர் பாக்கி. கட்டரின் முன்பக்கம் அதைத் தொட்ட கணத்திலிருந்து இரண்டு சுவர்களும் சேர்ந்து அதைப் பிடிக்கின்றன. பாதையின் கடைசி 4 மில்லிமீட்டரில் ஒட்டும் கோணம் 53 டிகிரியிலிருந்து மளமளவென்று ஏறும். 90 டிகிரி மூலையில், கட்டர் ஆரமும் மூலை ஆரமும் ஒன்றாக இருந்தால், அது 53 உடன் 90 சேர்ந்து 143 டிகிரி ஆகும்.

ஒரு பல்கூட முழு நேரம் வெட்டாமல் இருந்த இடத்தில் இப்போது ஒன்றரைப் பல் சராசரியாக வெட்டுகிறது. நேர் ஓட்டத்தில் சிப்பின் அதிகபட்சத் தடிமன் 0.064 தான் இருந்தது. மூலையில் முழு 0.08. அகலம் என்று போட வேண்டிய எண் இனி 4 அல்ல, அதற்குச் சமமான 18. சராசரி சிப்பு 0.058 ஆகத் தடிப்பதால் கேசி சற்று இறங்கி 3260 பக்கம் வருகிறது. அதே சூத்திரம்:

20 × 18 × 0.08 × 4 × 3260 ÷ 6283 = சுமார் 60 நியூட்டன் மீட்டர்

15 எங்கே, 60 எங்கே. ஃபீடு குறையாமல் இருந்தால் பவரும் 12 கிலோவாட் கேட்கும். இவ்வளவும் நடப்பது சுமார் 0.4 விநாடிக்குள்.

கண்ட்ரோல் மூலையில் ஃபீடைத் தானே கொஞ்சம் குறைப்பதாலும், சுற்றும் ஸ்பிண்டிலின் சொந்த வேகம் கைகொடுப்பதாலும் பல சமயம் மெஷின் நிற்காமல் தப்பிவிடுகிறது. ஆனால் கட்டர் வளைவது தப்பாது. உள்மூலையில் சுவரைக் கூர்ந்து பாருங்கள்: திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்குத்தாக ஒரு கோடும் அதை ஒட்டி நகம் தட்டும் ஒரு சிறு பள்ளமும் இருக்கும். கட்டர் சுவருக்குள் சாய்ந்த இடம் அது. டிரேயில் விழுந்த சிப்பைக் கிளறினாலும் கதை தெரியும். நேர் ஓட்டத்துச் சிப்புகள் மெலிந்து வளைந்து ஒரே அளவில் கிடக்கும். நடுநடுவே தடித்து, நீலம் பாரித்தவை மூலையில் வந்தவை.

படி 5: ஸ்பிண்டில் எவ்வளவு தரும்?

தேவை தெரிந்துவிட்டது, இனி வரவு. மெஷின் மேனுவலில் ஸ்பிண்டில் டார்க் வரைபடம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு பகுதிகள். அடிப்படை வேகம் வரை டார்க் ஒரே மட்டத்தில் ஓடும். அதைத் தாண்டினால் பவர் ஒரே மட்டம், டார்க் சரியும்.

அடிப்படை வேகம் 1500 ஆர்பிஎம் உள்ள 7.5 கிலோவாட் மோட்டாரை நேரடி விகிதத்தில் பெல்ட்டில் கோத்திருந்தால், 1500 வரை 47.7 நியூட்டன் மீட்டர். நமது 1910 இல் அது 37.5. பெல்ட்டும் பேரிங்கும் எடுத்துக்கொள்வது போக 32 மிஞ்சலாம். நேர் ஓட்டத்தின் 15 க்கு ராஜபோகம். மூலையின் 60 க்குப் பாதிதான். 7.5 / 11 என்று இரண்டு எண் போட்டிருந்தால், பெரியது அரைமணி நேரம் போன்ற குறுகிய காலத்துக்கு மட்டும். அதையே எடுத்துக்கொண்டாலும் கையில் வருவது 47 தான்.

அடிப்படை வேகத்துக்கு ரொம்பக் கீழே ஓட்டும்போது வேறொரு சிக்கல். 63 விட்டக் கட்டரைப் போட்டு 300 ஆர்பிஎம்மில் ஓட்டினால் இதே மோட்டார் தரும் பவர் 1.5 கிலோவாட் மட்டுமே, ஏனென்றால் டார்க் 47.7 க்கு மேல் ஏறாது. இந்த இடத்தில் பழைய கியர்பாக்ஸ் மில்லிங் மெஷின்களை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. எச்எம்டி, பிஎஃப்டபிள்யூ காலத்து மெஷின்கள் இன்றும் பட்டறைகளில் ஓடுகின்றன என்றால், குறைந்த வேகத்தில் கியர் டார்க்கைப் பெருக்கித் தருவதும் ஒரு காரணம். புது விஎம்சி (கம்ப்யூட்டர் கண்ட்ரோலில் ஓடும் மில்லிங் மெஷின்) வாங்கிய கையோடு அவற்றைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவது, என்னைக் கேட்டால், அவசர புத்தி.

மின்னழுத்தத்தையும் மறக்க வேண்டாம். டிரைவ் இல்லாமல் நேரடியாக லைனில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரின் உச்ச டார்க், வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து இறங்கும். 415 இருக்க வேண்டிய இடத்தில் 380 வந்தால் 16 சதவீதம் போய்விடும். கத்திரி வெயில் காலத்தில், சாயங்காலம் ஏசியெல்லாம் ஓடத் தொடங்கும் நேரத்தில், காலையில் ஓடிய அதே புரோகிராம் ஏன் முனகுகிறது என்று கட்டரைத் திட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

படி 6: மெஷினிலேயே அளந்து பார்ப்பது

"அண்ணே, லோடு மீட்டரு நாப்பதைத் தாண்டவே இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு மூலைல கத்துது?"

"மீட்டரு சராசரியைக் காட்டும்பா. மூலைல கட்டர் இருக்குறதே அரை செகண்டு. முள்ளு ஏறுறதுக்குள்ள அது திரும்பிடும்."

லோடு மீட்டரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மீட்டரின் சதவீதம் பெரும்பாலும் மோட்டாரின் தொடர் மதிப்பை 100 ஆக வைத்துக் காட்டுவது. அடிப்படை வேகத்துக்குக் கீழே அதை டார்க் சதவீதமாகவும், மேலே பவர் சதவீதமாகவும் வாசிக்கலாம். முதலில் கட்டர் காற்றில் சுற்றும்போது எவ்வளவு என்று குறித்து, அதைக் கழியுங்கள். மூலையைப் பிடிக்க வேண்டுமானால் ஃபீடு ஓவர்ரைடை 20 சதவீதத்துக்கு இறக்கி ஒரு மூலையை ஓட்டி, முள் எத்தனை மடங்கு ஏறுகிறது என்று பாருங்கள். ஏறும் விகிதம் போதும். அதை முழு ஃபீடுக்குக் கொண்டுபோகலாம்.

பழைய மெஷினில் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பொருத்தியிருந்தால் அதன் டிஸ்பிளேயில் டார்க் சதவீதம் காட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் வரை டார்க் நிற்கும், மேலே போனால் சரியும். கிளாம்ப் மீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால் கவனம்: லோடு குறைவாக இருக்கும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் பெரும்பகுதி காந்தமாக்கவே போகிறது. ஆம்பியர் பாதி என்றால் லோடும் பாதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 7: எதை மாற்றுவது?

ஆழத்தைப் பாதியாக்கினால் டார்க் சரிபாதி ஆகும்: 60 இருந்தது 30. நமது 32 க்குள் மயிரிழையில் அடங்கும். ஃபீடைப் பாதியாக்கினால் 30 ஆகாது, 36 வரைதான் இறங்கும்; சிப்பு மெலிந்து கேசி ஏறிவிடுவதால். ஃபீடைக் குறைத்தே எல்லாவற்றையும் சமாளிக்கும் பழக்கம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. கட்டர் தேய்வது கூடுதல் இலவசம்.

இரண்டையும்விட நல்லது மூலையையே மாற்றுவது. மூலை ஆரம் 10 என்றால் 20 கட்டரைப் போடாதீர்கள். 16 போட்டு மூலையில் வளைவாக ஓட விடுங்கள். கட்டர் சட்டென்று திரும்பாமல் உருண்டு போகும், கோணமும் நிதானமாக ஏறும். கட்டர் பாதையை எழுதித் தரும் கேம் மென்பொருளில் டிரோகாய்டல் அல்லது அடாப்டிவ் பாதை இருந்தால் விட்டத்தில் 5 முதல் 10 சதவீதம் அகலம் மட்டும் எடுத்து, முழு ஆழத்தில் ஓட்டலாம். ஒட்டும் கோணத்தைக் கட்டுக்குள் வைப்பதே அந்தப் பாதையின் வேலை.

மென்பொருள் இல்லாத இடத்தில் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: மில்லிங்குக்கு முன்பே நான்கு மூலைகளிலும் 18 டிரில் போட்டுவிடுவது. நமது உதாரணத்தில் சுவரில் 1 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். டிரில்லுக்கு ஆகும் நேரத்தைக் கட்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போய் ஒரு நல்ல 20 கார்பைடு எண்ட்மில் விலை விசாரித்தவர் அதற்கப்புறம் வாதாட மாட்டார்.

ஃபானக் கண்ட்ரோலில் ஜி62 என்று ஒரு கட்டளை இருக்கிறது. கட்டர் ஆரத்துக்கு ஏற்பப் பாதையைத் தள்ளும் ஜி41, ஜி42 போட்டிருக்கும்போது உள்மூலையில் ஃபீடைத் தானே குறைக்கும். அளவுகளைப் பாராமீட்டரில் வைக்க வேண்டும். பல மெஷின்களில் அது தொடப்படாமலே கிடக்கிறது.

வளைவுகளுக்குத் தனிக் கணக்கு. பல கண்ட்ரோல்களில் ஃபீடு என்பது கட்டர் மையத்தின் வேகம். 25 ஆர உள்வளைவில் 20 கட்டர் போனால், மையம் ஓடுவது 15 ஆரத்தில். மையத்தில் 611 என்றால் வெட்டும் சுவரில் அது 1018. ஒரு பல்லுக்கு 0.08 அல்ல, 0.13. அதனால் உள்வளைவில் ஃபீடை 15 ÷ 25, அதாவது 60 சதவீதமாக்குங்கள். வெளிவளைவில் நேர் எதிர்: அங்கே கூட்டலாம்.

3டி டை வேலையில் பால்நோஸ் (உருண்டை முனைக் கட்டர்) போட்டு ஃபினிஷிங் ஓட்டும்போது டார்க் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. 12 பால்நோஸ் 1 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டுவது 6.6 விட்டத்தில்தான், விசையும் சிறிது, மையத்திலிருந்து வெட்டும் இடம்வரை உள்ள தூரமும் குட்டை. அங்கே பயப்பட வேண்டியது கட்டர் நீட்டத்துக்கும் அதிர்வுக்கும்.

படி 8: டார்க் வந்து சேரும் இடங்கள்

ஸ்பிண்டிலில் 60 நியூட்டன் மீட்டர் இருந்தே விட்டாலும் அது கட்டரைப் பிடிக்கும் கோலெட் வழியாகத்தான் கட்டருக்குப் போக வேண்டும். எண்ணெய் துடைக்காத கோலெட்டில் கட்டர் வழுக்கும். சாய்ந்த பல் அதைக் கீழ்நோக்கி இழுக்கும், ஆழம் தானாகக் கூடும், டார்க் இன்னும் ஏறும். பீஸின் அடியில் புரொஃபைல் ஆழம் கூடிப் போயிருந்தால் முதலில் கட்டர் ஷேங்கில் (கோலெட் பிடிக்கும் தண்டில்) வழுக்கல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரஃபிங்குக்குப் பக்கவாட்டில் ஸ்க்ரூ பிடிக்கும் ஹோல்டர் நல்லது.

திருவொற்றியூர், காசிமேடு போலக் கடலோரத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று ஒரு கூடுதல் வரி. ராத்திரி துடைக்காமல் விட்ட ஹோல்டர் டேப்பரில் (ஸ்பிண்டிலுக்குள் உட்காரும் கூம்புப் பகுதியில்) துருப் புள்ளி வரும். டேப்பர் முழுதாக உட்காராது, கட்டர் ஆட்டம் போடும், ஒரு பல் மட்டும் அதிகம் வெட்டும். சராசரி டார்க் மாறாவிட்டாலும் அந்த ஒரு பல்லின் உச்சம் ஏறும். ஷிஃப்ட் முடிந்ததும் டேப்பரைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டு, மறுநாள் போடும் முன் அதைத் துடைத்தெடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்க்கப் போகிறவர்கள் மேனுவலில் டார்க் வரைபடப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பக்கம் இல்லை என்றால் ஸ்பிண்டில் மோட்டார் பிளேட்டில் அடிப்படை வேகத்தையும், புல்லி விகிதத்தையும் குறித்துக்கொண்டால் நீங்களே வரையலாம். டெமோவுக்கு அவர்கள் அலுமினியத்தில் அதிவேகமாக ஒரு ஃபேஸ் சீவிக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுபோன ஈஎன்8 துண்டில் ஒரு சதுர பாக்கெட் ஓட்டச் சொல்லுங்கள், மூலை ஆரம் கட்டர் ஆரத்துக்குச் சமமாக.